அளவறிந்து வில்லெடுத்தல்

தமிழில் வில்லுக்குப் பெயர்கள் பல. வில், சிலை, தவர், கொடுமரம் என்பன பழந்தமிழ்ச் செய்யுளிற் பயின்றவை. தனு, சாபம், கார்முகம், கோதண்டம் என்பன வடமொழி வழியாக வந்து நம் நூல்களில் நிலைத்தவை. அம்புக்கோ கணை, கோல், பகழி, வாளி, ஏ எனப் பெயர்கள் மேலும் மிகும். நன்கு பயின்ற மாணவர் இவற்றையெல்லாம் தடையின்றி ஒப்புவித்துவிடுவர். ஆயின், அவர்முன் இரண்டு விற்களை வைத்து, "இவற்றுள் உமக்கு ஏற்றது எது? அஃது ஏற்றதென்பது எதனால்?" என்று வினவினால் வாய் திறப்பார் அரியர். பெயரை அறிந்தோம், பொருளை அறிந்திலோம். ஆசிரியராகிய நாமும் இக்குறைக்கு விலக்கானவர் அல்லோம்.

வில்லைத் தேர்தல் என்பது வெறும் கடைச்சரக்கைத் தேர்தல் போன்றதன்று. எய்பவனின் உடலளவு, எய்யப்படும் பொருளின் இயல்பு, எய்யும் இடத்தின் முறைமை ஆகிய மூன்றும் ஒருங்கு பொருந்தும்போதே வில் பயன் தருவதாகும். இம்மூன்றனுள் ஒன்று பிழைத்தாலும், விலையுயர்ந்த வில்லும் வளைந்த தடியே. இவ்வுண்மை பண்டை வேடனுக்கும் பொருந்தும். இன்று சில்லும் கம்பிநாணும் பூட்டிய புதுவகை வில்லை வாங்குபவனுக்கும் பொருந்தும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அரிப்புக் கரையில் வெளிப்பட்ட சான்று

மன்னார்ப் பெருநிலப் பகுதியில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாக அரிப்பு என்னும் ஊர் உளது. முத்துக்குளிப்பாற் புகழ்பெற்ற அவ்வூரில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையொன்றின் இடிபாடுகளை இன்றும் காணலாம். 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுக் கண்டி அரசனின் ஆட்சியில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தோழர் ஒருவருடன் தப்பி, அருவியாற்றங்கரையைப் பற்றிக்கொண்டு காட்டினூடே நடந்து, 1679 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் நாள் இக்கோட்டையை வந்தடைந்தார். வழியில் அவர் பெரிதும் அஞ்சியது புலியையும் யானையையும் மட்டுமன்று. வில்லேந்தி உலவிய காட்டு மாந்தரையும் அஞ்சினார். அவர்களே வேடர்.

1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் இவ்வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். வேடருக்கு அம்புமுனை தேவைப்படும்போது, இரவில் ஊர்க்கொல்லன் உலைக்களத்துக்கு வந்து, தாம் வேட்டையாடிய இறைச்சியை அங்கே தொங்கவிடுவர். அதன் அருகே, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டப்பட்ட இலை ஒன்றையும் தொங்கவிடுவர். கொல்லன் அவ்விலையின்படி அம்பு செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து தருவர். செய்யாதொழிந்தால் அவனுக்கு ஒருநாள் தீங்கு வந்தே தீரும்.

இச்செய்தியை வேடரின் முரட்டுத்தனத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் பலர். யான் அதனை வேறுவகையாகக் காண்கின்றேன். இங்கே வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் பார்த்தலும் இல்லை, பேசுதலும் இல்லை. இருவருக்கும் பொதுமொழியாய் நிற்பது ஓர் இலை. அவ்விலையில் நீளம் உண்டு, அகலம் உண்டு, கூர்மை உண்டு. "நல்ல அம்பு ஒன்று செய்து தருக" என்று வேடன் சொல்லி அனுப்பவில்லை. எவ்விலங்குக்கு எவ்வளவு அகன்ற முனை வேண்டுமென்பதை அறிந்து, அவ்வளவை வெட்டிக் காட்டுகின்றான். கொல்லன் தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அனுப்பும் வாணிகம் அன்று இது. வேண்டுவோன் தன் அளவைத் தானே அறிந்து சென்று கேட்கும் வாணிகம். விலைப்பட்டியலும் விளம்பரமும் நிறைந்த இக்காலத்தில் நாம் இழந்துவிட்டது இவ்வறிவையே.

பழைய வில்லின் இயல்பு

வேடர் வில் ஒரே மரக்கழியால் ஆயது. ஏறக்குறைய ஆளுயரம் உடையது. நாண், பட்டை நாரை முறுக்கி ஆக்கப்படுவது. நம் வறண்ட நிலங்களிற் கற்றாழைபோற் செறிந்து வளரும் மரல் என்னும் செடியின் நாரும் கயிறு திரிக்க ஏற்றது. சங்கச் செய்யுளில் இடம்பெற்ற இச்செடிக்கு 'வில்நாண் சணல்' என்று பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் வழங்குதல் கருதத்தக்கது. பெயரே பயனைச் சொல்லுகின்றது.

இத்தகைய வில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே செல்லும். காது வரை இழுத்த நிலையிலேதான் அதன் முழுப் பாரமும் விரல்களில் தங்கும். ஐம்பது இறாத்தல் வில்லாயின், குறிபார்க்கும் அவ்வொரு கணத்தில் ஐம்பது இறாத்தலையும் தாங்கி நிற்றல் வேண்டும். எனவே மரவில் எய்பவர் நெடுநேரம் குறிபார்த்து நிற்பதில்லை. இழுத்தலும் விடுதலும் ஏறத்தாழ ஒரு செயலாகிவிடும். கண்ணும் கையும் ஒன்றுபடும் வரை பல்லாண்டு பழகுதல் வேண்டும். சேக்கிழார், திண்ணனார் வில் ஏந்திய நாளைக் கூறுமிடத்து, அவர் தந்தையாகிய நாகன் அத்தொழிலில் தேர்ந்த முதியோரை அழைத்துக் கூட்டினான் என்று உரைத்தது வெறும் அணியன்று. மரவில்லைத் தேர்ந்து கொடுப்பதற்கு அளவுகோல் போதாது; இளையவன் தோளை நெடுநாட் பார்த்திருந்த முதியவன் கண் வேண்டும்.

கப்பிவில்

இனிப் புதிய வில்லுக்கு வருவோம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர், மரபான வில்லின் இரு முனைகளிலும் சில்லுகளைப் பொருத்திப் பார்த்து ஒரு புதுவகை வில்லை ஆக்கினார். 1966 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1969 ஆம் ஆண்டு திசெம்பரில் அஃது அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதற்குக் 'கொம்பவுண்ட்' வில் என்று பெயர். இதனைக் 'கூட்டுவில்' என மொழிபெயர்ப்போர் உளர். ஆயின், கொம்பும் நரம்பும் மரமும் ஒட்டிச் செய்த பழைய ஆசிய வில்லுக்கே அப்பெயர் பொருத்தமாகும். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் மயக்கம் விளையும். கிணற்றடியிலும் பாய்மரத்திலும் நாம் நாளும் காண்பது கப்பி. ஆகவே 'கப்பிவில்' என்றால் மன்னார்ச் சிறுவனுக்கும் பொருள் விளங்கும். இக்கட்டுரையில் அப்பெயரையே ஆளுகின்றேன்.

கப்பிவில்லின் நுட்பம் அச்சில்லு முழு வட்டமாக இராமையிலே தங்கியுள்ளது. அதன் அச்சு நடுவினின்று விலகியிருக்கும். விளிம்பு முட்டைபோலவோ அதனினும் கோணலாகவோ அமைந்திருக்கும். நாணை இழுக்கும்போது சில்லு சுழலும். தொடக்கத்திலேயே பாரம் விரைந்து ஏறி, இடைவழியில் உச்சத்திலே நின்று, இழுப்பு முடியுந் தறுவாயிற் சட்டென்று தணிந்துவிடும். இத்தணிவு இன்றைய விற்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் தொண்ணூறு வரை உண்டு. அறுபது இறாத்தல் வில்லில் நூற்றுக்கு எண்பது தணிவு இருப்பின், முழுவதும் இழுத்துக் குறிபார்த்து நிற்பவன் தாங்கவேண்டிய பாரம் பன்னிரண்டு இறாத்தலே.

இதனால் விளைந்த பயன் இரண்டு. ஒன்று, குறிபார்க்கும் நேரம் நீண்டது. மற்றொன்று, வில்லிற் சேமிக்கப்படும் ஆற்றல் மிகுந்தது. இழுக்கும் பாரத்தை இழுத்த தூரத்தோடு சேர்த்து நோக்குவதே ஆற்றல் அளவு. மரவில்லில் உச்சப் பாரம் இறுதியில் மட்டும் வரும், கப்பிவில்லிலோ அது வழிநெடுக நிற்கும். உச்சப் பாரம் இரண்டுக்கும் ஒன்றேயாயினும், கப்பிவில்லின் அம்பு மிக்க விரைவுடன் செல்வது இதனாலே.

ஒப்புநோக்கும் முறை

என்னிடம் முன்னாளில் இலக்கணம் பயின்று, இப்போது கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் அன்பர் ஒருவர், அங்கே முறைப்படி பயிற்சியும் உரிமச்சீட்டும் பெற்று மான் வேட்டைக்குச் செல்பவர். புதிய கப்பிவில் வாங்க எண்ணி, இரண்டு விற்களின் விவரங்களை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார். ஒன்று குறுகியது, மிக்க விரைவுடையது, எழுபது இறாத்தல் வரை முறுக்கக்கூடியது. மற்றது சற்று நெடியது, விரைவிற் குறைந்தது, அறுபது இறாத்தலோடு நிற்பது. "விரைவுடையதே சிறந்ததன்றோ?" என்பது அவர் வினா. தமிழாசிரியனிடம் வில்லைப் பற்றி வினவுதல் வேடிக்கையெனிலும், உரையாசிரியர் மரபிற் பயின்றவர்க்கு ஒப்புநோக்குதல் புதிதன்று. பாடவேறுபாடுகளை ஒப்பிடுவோர் முதலிற் கேட்பது, "எது அழகியது?" என்பதன்று, "இவ்விடத்துக்கு எது பொருந்தும்?" என்பதே. அம்முறையிலே நோக்குவோம்.

முதலாவது இழுநீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்று, ஒரு கை நடுவிரல் நுனிமுதல் மறுகை நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து, அதனை இரண்டரையால் வகுக்க வருவது ஏறத்தாழ ஒருவரின் இழுநீளமாகும். எழுபது அங்குலம் விரிந்தால் இருபத்தெட்டு. அறுபத்தைந்து விரிந்தால் இருபத்தாறு. மரவில்லைச் சற்று முன்பின்னாக இழுத்தாலும் எய்யலாம். கப்பிவில்லோ தனக்கு அமைத்த நீளத்தில் முட்டி நின்றுவிடும். ஆகையால் அந்நீளம் உடலோடு ஒத்தே இருத்தல் வேண்டும். நீளம் மிகின் முகமும் தோளும் பின்னோக்கிச் சாய்ந்து, முன்கையில் நாண் அடிக்கும்.

இரண்டாவது இழுபாரம். நாற்காலியில் அமர்ந்து, வில்லை நேரே முன்னீட்டி, வானை நோக்கி உயர்த்தாமலே முழுவதும் இழுக்க இயல வேண்டும். வில்லை மேலே தூக்கி உடலை முறுக்கித்தான் இழுக்க முடியுமாயின், அவ்வில் நம்முடையதன்று. குளிரில் நெடுநேரம் அசையாதிருந்த பின்னர் இழுக்கவேண்டியிருப்பதை அன்பர் மறக்கலாகாது. ஒன்ராறியோ விதிகளின்படி மான் வேட்டைக்கு வேண்டும் குறைந்த இழுபாரம் பதினெட்டுக் கிலோ, அஃதாவது நாற்பது இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. பெருமானாகிய மூஸ், கரடி முதலியவற்றுக்கு இருபத்திரண்டு கிலோ. எழுபது இறாத்தலை முக்கி இழுப்பதனினும் ஐம்பதைத் தளராது இழுத்து அசையாது நிற்றலே மேல்.

மூன்றாவது வில்லின் உருவளவு. இரு சில்லுகளின் அச்சுகளுக்கிடையே உள்ள நீளம் முப்பது அங்குலத்தை ஒட்டியதாயின், மரச்செறிவினுள்ளும் மறைவிடத்தினுள்ளும் எளிதிற் கையாளலாம்; நீண்டதாயின் கையில் ஆடாது நிற்கும். பிடிக்கும் நாணுக்கும் இடைப்பட்ட தூரம் ஆறு அங்குலத்தளவாகக் குறைந்தால் விரைவு கூடும். ஏழு அங்குலமாக நீண்டால் விரைவு சற்றுக் குறைந்து, கைப்பிழையைப் பொறுக்கும் இயல்பு கூடும். குறைந்த இடைத்தூரத்தில் அம்பு நாணோடு நெடுநேரம் ஒட்டிச் செல்வதால், விடும்போது நேரும் சிறு நடுக்கமும் அதன் செலவைத் திருப்பிவிடும்.

நான்காவது கண். வலக்கையர்க்கு வலவில் என்று எண்ணுதல் பொதுவழக்கு. ஆயின் எக்கண் முதன்மைக் கண்ணோ, அக்கண் பக்கத்துக் கையால் நாணை இழுப்பதே குறிக்கு உகந்தது. தொலைவிலுள்ள பொருளை இரு கண்ணாலும் விரல்வளையத்தினூடே பார்த்து, பின் ஒவ்வொரு கண்ணாக மூடினால், எக்கண் திறந்திருக்கையிற் பொருள் விலகாது நிற்கின்றதோ அதுவே முதன்மைக் கண்.

விளம்பர விரைவும் உண்மை விரைவும்

இனி அன்பரின் வினாவாகிய விரைவைப் பார்ப்போம். 'விநாடிக்கு 340 அடி' என்று வில்லின் மேல் எழுதியிருக்கும். எழுபது இறாத்தல் பாரமும் முப்பது அங்குல இழுநீளமும் 350 கிரேன், அஃதாவது ஏறத்தாழ இருபத்துமூன்று கிராம், நிறையுள்ள இலேசான அம்பும் கொண்டு அளப்பதே வாணிகத்தார் வகுத்துக்கொண்ட முறை. இழுநீளம் ஓரங்குலம் குறைந்தால் விரைவு பத்தடியளவு குறையும் என்பது பழகியோர் கணக்கு. ஓர் இறாத்தல் குறைந்தால் இரண்டடியளவு குறையும். இருபத்தாறு அங்குல இழுநீளமுடைய ஒருவர் அவ்வில்லை ஐம்பத்தைந்து இறாத்தலில் வைத்து எய்தால், 340 ஆக எழுதப்பட்டது 270 அளவில் வந்து நிற்கும். வேட்டைக்கு வேண்டிய நிறைமிக்க அம்பைத் தொடுத்தால் இன்னும் தாழும். விளம்பரத்திற் கண்ட விரைவு பொய்யன்று. ஆயின் அது வேறொருவர் உடலுக்கு உரிய மெய்.

அதனினும் நுண்ணிய காரணம் ஒன்றுண்டு. பழந்தமிழில் வில்லுக்குச் 'சிலை' என்று பெயர். 'சிலைத்தல்' என்றால் ஒலித்தல், முழங்குதல். வில்லினின்று அம்பு மட்டும் புறப்படுவதில்லை, ஒலியும் புறப்படுகின்றது. ஒலி விநாடிக்கு 1,100 அடிக்கு மேற் செல்லும். தொண்ணூறு அடிக்கு அப்பால் நிற்கும் மானை ஒலி ஒரு விநாடியின் பன்னிரண்டில் ஒரு பங்கில் எட்டிவிடும். விநாடிக்கு 280 அடி செல்லும் அம்பு அங்கே சேர ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கு ஆகும். இடைப்பட்ட கால் விநாடியிற் செவி நிமிர்ந்த மான் முழந்தாள் மடக்கித் தாழ்ந்து பாயத் தொடங்கிவிடும். வேகத்தை 300 அடியாக உயர்த்தினாற் கிடைக்கும் ஊதியம் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கே. எந்த வில்லும் தன் ஒலியை முந்தாது. ஆகவே அமைதியாக ஒலிக்கும் வில்லும், அருகே செல்லும் பொறுமையும், தொலைவு மிகுந்தால் நாணை விடாது திரும்பும் மனமும் அந்த இருபது அடியினும் மேலானவை.

அம்பு கொல்லும் முறையும் துவக்குக் குண்டு கொல்லும் முறையும் வேறு. குண்டு தன் தாக்குவிசையாலும் கொல்லும். அம்பு தன் முனையின் வெட்டாற் குருதி வடியச் செய்தே கொல்லும். ஒன்ராறியோ விதி அம்புமுனை இருபத்திரண்டு மில்லிமீற்றர் அகலமேனும் உடையதாய், கூரிய வெட்டுவாய் இரண்டேனும் கொண்டதாய் இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கின்றது. வேடன் இலையில் வெட்டிய அளவு இன்று சட்டப் புத்தகத்தில் மில்லிமீற்றராகி நிற்கின்றது! உரிய இடத்திற் படாத அம்பு விலங்கை உடனே வீழ்த்தாது. புண்ணோடு காட்டினுள் ஓடி, நாட்கணக்கில் வருந்திச் சாகவிடும். முயலை வீழ்த்திய அம்பினும் யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துதல் இனிதென்னும் கருத்தைத் திருவள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் அமைத்தார். வேட்டைக்கு அப்பெருமை பொருந்தாது. வேடன் தன் அளவுக்கு மேற்பட்ட வில்லை எடுத்துக் குறி தவறினால் துன்புறுவது அவனல்லன், விலங்கு.

இவற்றையெல்லாம் எண்ணி, நெடியதும் அமைதியானதுமாகிய அறுபது இறாத்தல் வில்லையே கொள்ளுமாறு அன்பருக்கு எழுதினேன். முதலில் ஐம்பதில் வைத்துப் பழகுக என்றும், அம்பு தொடுக்காமல் வெறும் நாணை ஒருபோதும் விடற்க என்றும் சேர்த்து எழுதினேன். வெறும் நாணை விட்டால் அம்புக்குச் செல்லவேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின்மேலே திரும்பி அதனை முறித்துவிடும்.

உடலே உரைகல்

வில்லை உடலுக்கு ஏற்பத் தேர்தல் என்பதன் எல்லையைக் காண விரும்புவோர் இந்தியாவின் சீதள் தேவியை நோக்குக. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்துவார் மாவட்டத்தில் 2007 ஆம் ஆண்டிற் கைகள் இன்றிப் பிறந்தவர் அவர். இருக்கையில் அமர்ந்து, வலக்காலால் வில்லைத் தூக்கிப் பிடித்து, தோளிற் பொருத்திய கருவியால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பை விடுகின்றார். 2023 ஆம் ஆண்டு ஹாங்சௌ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஆசிய விளையாட்டில் இரண்டு பொன்னும் ஒரு வெள்ளியும் வென்றார். 2024 ஆம் ஆண்டு பாரிசுப் பராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். அவர் ஏந்துவது கப்பிவில். முழுவதும் இழுத்த நிலையிற் பாரம் தணியும் அதன் இயல்பே, காலால் வில்லைத் தாங்கி நின்று குறிபார்க்கும் அவருக்குத் துணையாகின்றது. வில்லுக்கு ஏற்ப உடலை வருத்தாது, உடலுக்கு ஏற்ப வில்லை அமைத்ததன் பயன் இஃது. 2028 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற் கப்பிவில்லுக்கெனக் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டுள்ளது. வேட்டைக்கெனப் பெருவழக்குப் பெற்ற வில், இன்று இலக்குப் பலகையின் முன்னே தன் பெருமையை நாட்டுகின்றது.

நம் கரையில் எதற்கு வில்?

மூன்றாவது பொருத்தமாகிய இடத்துக்கு வருவோம். ஒன்ராறியோவில் முறையானது மன்னாரில் முறையாகிவிடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் பலகால் திருத்தப்பெற்று இன்றும் நடைமுறையில் உள்ளது. தேசிய பூங்காவிலும் சரணாலயத்திலும் விலங்கையோ பறவையையோ எய்தல் குற்றம். புள்ளிமானும் மரையும் அவற்றுக்கு வெளியேயும் காக்கப்பட்டவை. தெற்கே வில்பத்து 1938 முதல் தேசிய பூங்கா. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தருகே பரந்து கிடக்கும் வங்காலைச் சதுப்புநிலம் 2008 இற் சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக றம்சார் பட்டியலிற் சேர்ந்தது. மாரிக்காலத்தில் வடபுலத்தினின்று வரும் ஊசிவால் வாத்தும், செந்நிறம் பூத்து நிற்கும் பூநாரைக் கூட்டமும் அங்கே அஞ்சாது இரைதேர்வது அக்காவலின் பயனே.

இச்சட்டத்தின் நிழலில் ஒரு துயரும் உண்டு. வில்லையே வாழ்வாகக் கொண்ட வேடரின் வேட்டைநிலம், 1983 ஆம் ஆண்டில் மதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதனுள் அடங்கிப்போயிற்று. அளவறிந்து எய்தவன் கையினின்று வில் நழுவியது. அளவே அறியாத கொலைக்கருவிகளோ காட்டைவிட்டு நீங்கவில்லை. வயலழிக்கும் பன்றிக்கென வைத்த கட்டுத்துவக்கும், கம்பிச் சுருக்கும், தீனியில் மறைத்த வாய்வெடியும் வருவது பன்றியா, சிறுத்தையா, யானைக்கன்றா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று பாரா. வில்லேந்தியவன் நாணை விடுமுன் கண்ணாற் காண்கின்றான். விடாதிருக்கவும் அவனால் இயலும். கட்டுத்துவக்குக்குக் கண்ணும் இல்லை, மனமும் இல்லை. சட்டம் வில்லைத் தடுத்தது சரியே எனினும், வேடனுக்குரிய அளவறிவு அவனுடனே மறையவிடத் தக்கதன்று. உழவனின் பயிரிழப்புக்கு உரிய காவலும் ஈடும் தேடாமல், கண்ணில்லாப் பொறிகளைக் காட்டினுள் விட்டுவைத்தல் அறமாகாது.

ஆகவே நம் கரையில் வாழ்வோர் கப்பிவில் வாங்க விரும்பின், வைக்கோற் புரிசுற்றிய இலக்குப் பலகையை நோக்கியே வாங்குக. இலக்குக்கு எழுபது இறாத்தல் வேண்டா. முப்பதும் நாற்பதும் போதும். குறுகிய வில் வேண்டா. நெடிய வில்லே ஆடாது நிற்கும். எய்யும் பொருள் மாறிய உடனே தேரும் அளவுகளும் மாறிவிடுதல் காண்க.

கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் புறநானூற்று 152 ஆம் பாட்டிற் பாடியுள்ளார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்பது அப்பாட்டின் செய்தி. வகுப்பறையில் நாம் வியந்து நிற்பது அவ்வம்பின் செலவையே. அதன் பின்னே நிகழ்ந்ததைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றோம். எய்தவன் யாரென அறியாத பாணர் கூட்டம் ஓரியின் பெயரைச் சொல்லிப் பாட, தன் பெயரைத் தன் முன்னே கேட்ட அவ்வில்லாளன் நாணினான். பின் அவர்களுக்கு மானின் தசையும் மதுவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் கொடுத்தான். வில்லின் வலிமையோடு அதனை ஏந்தியவனின் அடக்கத்தையும் புலவர் ஒருங்கு காட்டுகின்றார்.

இப்பாட்டை நடத்தும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். பொருள் கூறி முடித்ததும் மாணவரைச் சுவரோரமாக நிறுத்தி, கைகளை விரிக்கச் செய்து, அளவுநாடாவால் அளந்து, இரண்டரையால் வகுக்கச் சொல்லுங்கள். ஒருவர்க்கு இருபத்துமூன்று வரும். அடுத்தவர்க்கு இருபத்தேழு வரும். ஒருவர் வில் மற்றவர்க்கு ஆகாதென்பதை அவர்கள் அப்போது சொல்லாமலே அறிவர்.